பணவீக்கமும் பணத்தின் வடிவமும்: தாள்நாணயம் முதல் கிரிப்டோ நாணயம் வரை

1

பணத்தின் பெறுமதி சிதையுங் காலங்களிலேயே பணம் என்பது யாது என்னும் வினா அறிஞரது நூல்களிலிருந்து வெளிப்போந்து தெருவுக்கு வருகின்றது. விலைகள் ஓரளவு நிலைத்திருக்கும் வரையில் கையிலுள்ள தாள் யாருடைய வாக்குறுதி, அவ்வாக்குறுதியின் பின்னால் நிற்பது எது என்பன பற்றி எவரும் வினவுவதில்லை. 2022ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் யாவரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும் உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உயர்ந்தன. மார்ச் மாதத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயமாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று.

இதே ஆண்டுகளில் நகர்ப்புற மத்தியதர வர்க்கத்து இளைஞரிடையே ஒரு வாதம் செல்வாக்குப் பெற்றது. அரசு பணத்தை அச்சிடுகின்றது. அச்சிடுவதால் விலை ஏறுகின்றது. ஆதலின் எவ்வரசாலும் அச்சிட முடியாத பணமே மக்களின் சேமிப்பைக் காக்கும் என்பது அவ்வாதத்தின் சாரம். கிரிப்டோ நாணயம் எனப்படும் மறைகுறி நாணயம், குறிப்பாக அவற்றுள் முதலில் தோன்றிய பிட்கொயின், அத்தகைய பணமாக முன்வைக்கப்பட்டது. இலங்கை மத்திய வங்கி 2021இலும் 2022இலும் இத்தகைய மெய்நிகர் நாணயங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரிக்க வேண்டியிருந்தமை அதன் பரவலுக்குச் சான்றாகும்.

மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வாதம் நியாயமானதாகவே தோன்றும். எனினும் அது இரண்டு எடுகோள்களின் மீது நிற்கின்றது. பணவீக்கம் என்பது பணத்தின் தொகை பற்றிய பிரச்சினை மட்டுமே என்பது ஒன்று. தொகைக்கு எல்லை வகுத்தால் உழைப்பின் பயன் காக்கப்படும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வரலாற்றின் வெளிச்சத்திற் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தாள்நாணயத்தோடுதான் பணவீக்கம் பிறந்தது என்பது பரவலான கருத்து. வரலாறு இதனை ஆதரிப்பதாயில்லை. 1545ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு சுதேச மக்களின் கட்டாய உழைப்பினால் அகழப்பட்ட வெள்ளி ஸ்பானியாவினூடாக ஐரோப்பாவெங்கும் பாய்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அக்கண்டத்தில் நிகழ்ந்த நீடித்த விலையேற்றத்தை வரலாற்றாசிரியர் 'விலைப் புரட்சி' என்பர். 1568ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளரான ஷான் போதான் இவ்விலையேற்றத்தையும் உலோக வரவையும் தொடர்புபடுத்தி எழுதினார். உலோகப் பணமும் நிலையான அளவுகோலாக இருந்ததில்லை என்பது இதனாற் பெறப்படும்.

தாள்நாணயம் இப்பிரச்சினைக்குப் புதியதொரு பரிமாணத்தை அளித்தது. 1859இல் வெளிவந்த தமது அரசியற் பொருளாதார விமர்சனத்தில் மார்க்ஸ் ஒரு முக்கியமான வேறுபாட்டினைச் சுட்டினார். பொன் சுற்றோட்டத்தில் உள்ளபோது, பண்டங்களின் விலைகளே சுற்றோட்டத்துக்கு வேண்டிய பொன்னின் அளவைத் தீர்மானிக்கின்றன. மிஞ்சிய பொன் சேமக்குவையாக ஒதுங்கிவிடுகின்றது. அரசின் கட்டளையால் ஓடும் தாளோ அவ்வாறு ஒதுங்க வழியில்லை. ஆதலின் அது வேண்டிய அளவினை மீறியவுடன் ஒவ்வொரு தாளும் பிரதிநிதித்துவப்படுத்தும் பெறுமதி குறைகின்றது. அளவுக்கு மீறிய தாள்வெளியீடு பணத்தின் பெறுமதியைச் சிதைக்கும் என்பதை மார்க்சியம் மறுப்பதில்லை என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஆயின், அரசு ஏன் அச்சிடுகின்றது, அதன் சுமை எவர்மீது இறங்குகின்றது என்னும் வினாக்களோடு அது மேலும் செல்கின்றது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 'அசிஞ்ஞா' தாள்கள் இதற்குச் சிறந்த உதாரணம். திருச்சபையிடமிருந்து பறிமுதலான நிலங்களை ஈடாகக் கொண்டு 1789இல் இவை வெளியிடப்பட்டன. போர்ச்செலவு பெருகவே தாள்களும் பெருகின. 1793 செப்ரெம்பரில் யக்கோபின் ஆட்சி பொது உச்சவிலைச் சட்டத்தை இயற்றிப் பண்டங்களுக்கு விலை வரையறை செய்தது. 1794 டிசெம்பரில், யக்கோபினர் வீழ்ந்த பின்னர், அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் பின்னரே அசிஞ்ஞாவின் வீழ்ச்சி கட்டுக்கடங்காததாயிற்று. 1795இல் பாரிஸ் நகரத்து ஏழைகள் ரொட்டி கோரி இருமுறை கிளர்ந்தெழுந்தனர். 1796 பெப்ரவரியில் அத்தாள்களை அச்சிட்ட தகடுகள் பொதுவிடத்தில் அழிக்கப்பட்டன. இதற்கிடையில் மதிப்பிழந்த தாளைக் கொடுத்து மதிப்புள்ள நிலத்தைப் பெற்றோர் பெருஞ்செல்வராயினர். ஒரே பணவீக்கம் ஒரு வர்க்கத்தைப் பட்டினியிலும் மற்றொன்றை நிலவுடைமையிலும் நிறுத்தியது.

இவ்வனுபவங்களின் சாயலை இலக்கியத்திற் காணவிரும்புவோர் கெதேயின் 'பௌஸ்ற்' நாடகத்தின் இரண்டாம் பாகத்தை நோக்கலாம். 1832இல் வெளியான அப்பாகத்தின் முதலங்கத்தில், வெறுமையான திறைசேரியுடைய பேரரசனுக்குச் சாத்தான் தாள்நாணயத்தை அறிமுகப்படுத்துகின்றான். அத்தாளுக்கு ஈடாகக் காட்டப்படுவது நிலத்தினடியில் இன்னும் அகழப்படாது கிடக்கும் புதையல். அகழப்படாத பொன்னைக் காட்டிப் பணம் படைப்பதென்னும் இக்கற்பனை பின்னர் கூறவுள்ளதற்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

3

பணவீக்கத்தின் வர்க்க முகம் மிகத் தெளிவாக வெளிப்பட்டது 1923ஆம் ஆண்டின் ஜேர்மனியிலாகும். 1914இல் ஒரு டொலருக்கு 4.2 மார்க்காக இருந்த விகிதம் 1923 நவம்பரில் 4.2 இலட்சங் கோடி மார்க்காயிற்று. முதலாம் உலகப்போரின் செலவைச் செல்வந்தர்மீது வரி விதித்துப் பெறாது கடன்பத்திரங்களாற் பெற்றமை, போருக்குப் பிந்திய நட்டஈட்டுச் சுமை, 1923 சனவரியில் ரூர்ப் பிரதேசம் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளால் ஆக்கிரமிக்கப்பட்டபோது வேலைமறுப்பிலீடுபட்டோருக்கு அச்சிட்ட பணத்தாற் கூலி கொடுத்தமை ஆகியன ஒன்று சேர்ந்தே இந்நிலையைத் தோற்றுவித்தன.

விளைவுகள் யாவருக்கும் ஒரேவகையாக அமையவில்லை. ஹுகோ ஸ்ரின்னெஸ் போன்ற பெருமுதலாளிகள் கடன் பெற்றுச் சுரங்கங்களையும் ஆலைகளையும் கப்பல்களையும் வாங்கி, மதிப்பிழந்த தாளினால் அக்கடனைத் தீர்த்தனர். போர்க்கடன் பத்திரங்களிலும் வங்கிக் கணக்குகளிலும் தமது ஆயுட்காலச் சேமிப்பை இட்டிருந்த உத்தியோகத்தரும் ஓய்வூதியரும் விதவையரும் அனைத்தையும் இழந்தனர். தொழிலாளர் கூலியைப் பெற்ற கணமே கடைக்கு ஓட வேண்டியவராயினர். தோமஸ் மான் 1925இல் எழுதிய 'ஒழுங்கின்மையும் இளமைத் துயரும்' என்ற கதை, ஒரு பேராசிரியரின் இல்லத்தினூடாக இம்மத்தியதர வர்க்கத்தின் நிலைகுலைவைச் சித்திரிக்கின்றது. றெமார்க் 1956இல் வெளியிட்ட 'கறுப்புத் தூபி' நாவலும் இவ்வாண்டினையே களமாகக் கொண்டது. பணவீக்கம் பொருளாதார நிகழ்வாக மட்டுமன்றி, சிக்கனம், உழைப்பு, நேர்மை ஆகிய விழுமியங்களின் மீதிருந்த நம்பிக்கையின் முறிவாகவும் அமைந்ததை இப்படைப்புகள் உணர்த்துகின்றன. பாசிசம் பின்னாளில் விதைத்த நிலம் இவ்வாறு உழப்பட்டிருந்தது.

1923 நவம்பரில் ஒரு இலட்சங் கோடி மார்க்குக்கு ஒன்றெனப் புதிய 'ரென்ரன்மார்க்' வெளியிடப்பட்டபோது விலையேற்றம் நின்றது. கடனிலிருந்து விடுபட்டோர் விடுபட்டவராகவும், சேமிப்பை இழந்தோர் இழந்தவராகவுமே பெரும்பாலும் இருந்தனர்.

4

பெருகும் பணம் உழைப்போரைப் பாதிக்கின்றதெனின், அருகும் பணம் அவர்களைக் காக்குமா? எல்லை வகுக்கப்பட்ட நாணயத்தைப் போற்றுவோர் இவ்வினாவை எழுப்புவதில்லை. பொன்னியமத்தின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

1873 முதல் 1896 வரை பொன்னைத் தழுவிய நாடுகளில் விலைகள் வீழ்ந்து சென்றன. அமெரிக்க விவசாயி கடன்பட்டபோதிருந்ததிலும் பார்க்கக் கடனைத் திருப்பும்போது கூடுதலான கோதுமையை விற்க வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் வெள்ளி நாணயத்துக்காக நடத்திய பிரசாரம் இக்கடனாளிகளின் குரலாகும். 1925இல் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் பிரித்தானிய பவுணைப் போருக்கு முந்திய 4.86 டொலர் மதிப்பில் மீண்டும் பொன்னோடு பிணைத்தார். ஏற்றுமதி விலை உயர்ந்தமையால் நட்டமடைந்த நிலக்கரி முதலாளிகள் சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முற்பட்டனர். 1926 மே மாதத்துப் பொது வேலைநிறுத்தம் அதன் விளைவாகும். 'உறுதியான பணம்' என்பதன் உறுதி கடன்கொடுத்தோனுக்கே உரியதாயிருந்தது.

இலங்கையின் வரலாறு இவ்விடத்துக் கூடுதலான தெளிவைத் தரும். 1872 முதல் இங்கு வெள்ளி ரூபாவே நாணயமாயிற்று. அக்காலத்தில் ஒரு ரூபா ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியுடையது. ஜேர்மனி முதலிய நாடுகள் பொன்னுக்கு மாறியபின் வெள்ளியின் விலை தொடர்ந்து வீழ்ந்தது. 1893இல் இந்திய நாணயசாலைகள் வெள்ளிக்கு மூடப்பட்டவேளை ரூபா ஏறத்தாழ 1 சிலிங் 3 பென்சாக இறங்கியிருந்தது. இலண்டனில் ஒரு பவுணுக்கு விளைபொருளை விற்ற தோட்டத்துரை முன்னர் 10 ரூபாவையே பெற்றான். பின்னர் 16 ரூபாவைப் பெற்றான். கூலி அதற்கீடாக உயரவில்லை. பொன்னில் உழைப்பின் பயனைப் பெற்று வெள்ளியில் கூலி கொடுத்த இவ்வேற்பாட்டில் நாணயத்தின் வீழ்ச்சியே இலாபத்தின் ஊற்றாயிற்று. அச்சுயந்திரம் இங்கு எப்பங்கும் வகிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தனியார் வெளியிடும் பணம் பற்றியும் இந்நாட்டிற்குப் பழைய அனுபவம் ஒன்றுண்டு. அந்நாளில் இங்கு வழங்கிய தாள்நாணயங்கள் வங்கிகளாலேயே வெளியிடப்பட்டன. இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிந்ததன் பின்னர், 1884 மே மாதத்தில் ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் வங்குரோத்தடைந்தது. அதன் தாள்களை வைத்திருந்தோர் திகைத்து நின்றவேளை, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அரசின் சார்பில் அவற்றுக்கு உத்தரவாதம் அளித்தார். அவ்வாண்டே தாள்நாணயச் சட்டம் இயற்றப்பட்டு, நாணயம் வெளியிடும் பொறுப்பு அரசிடம் வந்தது. இந்நாட்டின் அரசுத் தாள்நாணயம் தனியார் பணத்தின் சிதைவிலிருந்து பிறந்ததாகும்.

5

1971 ஓகஸ்ட் 15ஆந் தேதி சனாதிபதி நிக்சன் ஒரு அவுன்ஸ் பொன்னுக்கு 35 டொலர் என்ற பிணைப்பைத் துண்டித்தார். அதன்பின் உலகின் நாணயங்கள் யாவும் அரசுகளின் வாக்குறுதியன்றி வேறீடற்ற தாள்களாயின. தொடர்ந்த பணவீக்கத்தின் பகைப்புலத்தில் 1976இல் பிரெடரிக் ஹயெக் 'பணத்தைத் தேசநீக்கம் செய்தல்' என்னும் கருத்தை முன்வைத்தார். நாணயம் வெளியிடும் உரிமையை அரசிடமிருந்து பறித்துத் தனியார் போட்டிக்கு விடவேண்டும் என்பது அவர் வாதம். நவதாராண்மைவாதத்தின் இக்கருத்துநிலையே பின்னர் தொழில்நுட்ப வடிவம் பெற்றது.

2008 செப்ரெம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து ஒரு மாதத்தின் பின், ஒக்ரோபர் 31ஆந் தேதி, சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் பிட்கொயின் திட்டம் வெளியிடப்பட்டது. 2009 சனவரி 3ஆந் தேதி அதன் முதற்கண்ணி உருவாகியது. வங்கிகளை அரசு மீண்டும் மீட்கவிருப்பது பற்றிய அன்றைய இலண்டன் நாளிதழ்த் தலைப்பொன்று அதனுள் பொறிக்கப்பட்டிருந்தமை அதன் தோற்றத்தின் நோக்கினைக் காட்டும். மக்கள் வரிப்பணத்தால் வங்கிகள் மீட்கப்பட்டமை கண்டெழுந்த கோபம் நியாயமானதே. அக்கோபம் தேடிய வழியே ஆராயத்தக்கது.

பிட்கொயினின் மொத்தத் தொகை 2 கோடியே 10 இலட்சம் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கணிப்பொறிகளின் போட்டியில் வெல்வோருக்குப் புதிய நாணயம் வழங்கப்படும். தொடக்கத்தில் 50ஆக இருந்த அவ்வெகுமதி ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. அதன்படி நாளொன்றுக்குப் பிறப்பவை ஏறத்தாழ 450. ஆண்டு வளர்ச்சி ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தொகையை மட்டும் நோக்கின் உலகின் எந்நாணயமும் இத்துணைக் கட்டுப்பாடுடையதன்று.

ஆயின் அதன் பெறுமதி நிலைத்ததா? 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலராக இருந்த பிட்கொயின், ஓராண்டின் பின் 16,000 டொலர் அளவுக்கு இறங்கிற்று. அவ்வோராண்டிலேயே, 2022 யூனில், அமெரிக்கப் பணவீக்கம் நாற்பதாண்டுகளில் காணாத 9.1 சதவீதத்தை எட்டியது. பணவீக்கத்திலிருந்து காக்கும் கவசம் பணவீக்கம் உச்சமடைந்த காலத்திலேயே தன் பெறுமதியில் முக்காற்பங்குக்கு மேல் இழந்தது. பின்னர் 2024 டிசெம்பரில் அது 100,000 டொலரைத் தாண்டியபோது அமெரிக்கப் பணவீக்கம் மூன்று சதவீத அளவுக்குத் தணிந்திருந்தது. மத்திய வங்கிகள் வட்டியை உயர்த்தும்போது வீழ்ந்து, மலிவான கடன் பெருகும்போது உயரும் ஊகப்பொருளின் இயல்பு இது. எந்த மத்திய வங்கியிலிருந்து தப்ப அது தோன்றியதோ அதன் வட்டிவீதத்தின் நிழலாகவே அது அசைகின்றது.

இதற்குக் காரணம் பெறுமதிக் கோட்பாட்டிலுள்ளது. தொகையின் எல்லை பெறுமதியைப் படைப்பதில்லை. பங்குப்பத்திரம்கூட எதிர்கால மிகைப்பெறுமதியின் மீதான உரிமையொன்றைக் குறிக்கும். பிட்கொயின் எதன்மீதும் உரிமை தருவதன்று. நாளை வேறொருவர் கூடிய விலைக்கு வாங்குவார் என்னும் எதிர்பார்ப்பே அதன் ஈடு. அதனை உருவாக்கப் பெருந்தொகை மின்சாரம் செலவாகின்றது என்பது விடையாகாது. எத்தனை பொறிகள் கூடினும் புதிர் அதற்கேற்பக் கடினமாகுமேயன்றி நாணயம் கூடாது. சமூகத் தேவை எதனையும் நிறைவு செய்யாத செலவு பெறுமதியாகாது. இதனை 'அகழ்தல்' எனச் சொல்லுவது கெதேயின் சாத்தான் காட்டிய நிலத்தடிப் புதையலை நினைவூட்டுகின்றது.

பணத்தின் தொழில்கள் என்று மார்க்ஸ் வகுத்தவற்றோடு ஒப்பிடினும் இது புலனாகும். கூலியோ வாடகையோ பண்ட விலையோ பிட்கொயினில் நிர்ணயிக்கப்படுவதில்லை. ஆதலின் அது பெறுமதியின் அளவுகோலாகவில்லை. விலை உயருமென எதிர்பார்ப்பவன் அதனைச் செலவிட விரும்பான். ஆதலின் அது சுற்றோட்டக் கருவியாகவுமில்லை. எஞ்சியது சேமக்குவை என்னும் தொழிலே. அக்குவையும் சமமாகப் பகிரப்பட்டதன்று. மகரோவ், ஷோர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2020 இறுதியில் பெரும் உடைமையாளர் 10,000 பேரிடம் மட்டும் ஏறத்தாழ 50 இலட்சம் பிட்கொயின்கள், அதாவது அன்றிருந்தவற்றில் நான்கிலொரு பங்குக்கு மேல், குவிந்திருந்தன.

எல் சல்வடோர் நாட்டின் அனுபவமும் இதனையே உறுதிப்படுத்தியது. 2001 முதல் அமெரிக்க டொலரையே நாணயமாகக் கொண்ட அந்நாடு, 2021 செப்ரெம்பரில் பிட்கொயினையும் சட்டபூர்வ நாணயமாக்கிற்று. மக்கள் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் அதனைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. 2025 சனவரியில், சர்வதேச நாணய நிதியத்துடனான கடனுடன்பாட்டின் பகைப்புலத்தில், அதனை ஏற்றாகவேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது.

நியாயமான தேவைகளும் இவ்வலையினுள் உள்ளன என்பதை மறுத்தலாகாது. 2023இல் பணவீக்கம் 211.4 சதவீதமாயிருந்த ஆர்ஜென்ரீனாவில் மக்கள் தமது சம்பளத்தைக் காக்க டிஜிட்டல் நாணயங்களை நாடினர். ஆனால் அங்கு பெரிதும் விரும்பப்பட்டவை டொலரோடு பிணைக்கப்பட்ட 'ஸ்டேபிள்கொயின்' வகையினவே. அவற்றின் ஈடாக நிற்பது பெரும்பாலும் அமெரிக்கத் திறைசேரிப் பத்திரங்கள்; 2025 யூலையில் அமெரிக்கா இயற்றிய சட்டம் இவ்வேற்பாட்டை முறைப்படுத்திற்று. தன் நாட்டரசின் தாளிலிருந்து தப்பி ஓடியவன் ஏகாதிபத்திய அரசின் கடன்பத்திரத்திற் புகலடைந்தான் என்பதே இதன் பொருள். அரசற்ற பணம் என்னும் கனவு டொலரின் ஆட்சியெல்லையை விரிப்பதில் முடிந்துள்ளது.

6

இப்போது நமது நாட்டிற்கு மீள்வோம். 2019 இறுதியில் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டதோடு வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. அரசின் வருவாய் வீழ்ந்தது; வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கு வற்றிற்று; மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிப் பற்றாக்குறையை நிரப்பிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. அச்சிடுதல் இச்சங்கிலியின் கடைக்கண்ணியேயாகும்; வரி செலுத்த வல்லோரிடம் வரி பெறாமை அதன் முற்கண்ணிகளில் ஒன்று.

சுமை எவர்மீது இறங்கியது? 2021இல் மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மேற்கூறிய கொழும்புச் சுட்டெண்ணைக் கொண்டு கணித்தால், 2022 செப்ரெம்பரில் அந்த 1000 ரூபா ஓராண்டுக்கு முந்திய 589 ரூபாவின் பொருளையே வாங்கிற்று. உணவை மட்டும் நோக்கின் 513 ரூபாவின் பொருளையே வாங்கிற்று. வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்துக்கு இது கூலி பாதியாகக் குறைக்கப்பட்டதற்கு ஒப்பாகும். கூலியைப் பாதியாக்குவதாக எந்த முதலாளியும் அறிவித்திருந்தால் மறுநாளே வேலைநிறுத்தம் நிகழ்ந்திருக்கும். பணவீக்கம் அதனை அறிவித்தலின்றிச் செய்து முடித்தது. ஊழியர் சேமலாப நிதியில் இருந்த சேமிப்பும் ரூபாவிற் கணிக்கப்பட்டதாகையால் அதே கதிக்குள்ளாயிற்று. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது அந்நிதியின் கடன்பத்திரங்களும் மாற்றியமைக்கப்பட்டன.

பிட்கொயின் இத்தொழிலாளிக்கு என்ன செய்திருக்க முடியும்? மிச்சமில்லாத கூலியை எந்நாணயத்தில் சேமிப்பது? சேமலாப நிதியைத் தன் விருப்பப்படி வெளியே எடுத்துச் செல்லவும் அவருக்கு உரிமையில்லை. உபரிப் பணமும் தொடர்புகளும் உடையோருக்கே அக்கதவு திறந்திருந்தது. அவருள்ளும் பலர் 2022 நவம்பரில் எஃப்.ரி.எக்ஸ். பரிவர்த்தனை நிலையம் வங்குரோத்தடைந்தவேளை உலகெங்கும் நேர்ந்ததை அறிந்தனர். 1884இல் ஒறியன்ரல் வங்கியின் கதவடியில் நின்றோருக்கு உத்தரவாதம் தர ஓர் அரசாவது இருந்தது.

பணவீக்கத்துக்கு இந்நாட்டு மக்கள் அளித்த வேறொரு விடையும் வரலாற்றிலுண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆந் தேதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். விலை என்பது இயற்கை நியதியன்று, மாற்றக்கூடிய சமூக உறவே என்பதை அன்று தொழிலாளரும் விவசாயிகளும் செயலிற் காட்டினர். 2022இல் வீதிக்கு வந்த மக்களும் தமது வழியில் அதனையே மீண்டும் உணர்த்தினர்.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசின் கடன்பத்திரங்களை முதனிலைச் சந்தையில் வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கின்றது. அச்சுயந்திரத்துக்கு இடப்பட்ட இப்பூட்டு, வரியை எவர் செலுத்துவது, கூலியை விலையோடு எவ்வாறு பிணைப்பது, உணவுப் பங்கீட்டை யார் பொறுப்பேற்பது என்ற வினாக்களுக்கு விடையாகாது. பிட்கொயினின் 2 கோடியே 10 இலட்சம் என்னும் எல்லையும் அத்தகைய பூட்டே. தாளாயினும் பொன்னாயினும் கணிப்பொறிக் குறியாயினும் பணம் மனிதரிடையேயுள்ள உறவின் வடிவமாகும். வாழ்க்கைச் செலவோடு உயரும் கூலியும், செல்வத்தின் மீதான வரியும், உணவின் பொதுப் பங்கீடும் போராடிப் பெறப்படும் அளவுக்கே உழைப்போரின் கையிலுள்ள பணம் தன் பெறுமதியைக் காக்கும்.